எனது கவனக்குறைவால்

1

நான் படித்த பொறியியல் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவிலிருந்து போன மாதம் ஒரு செய்தி வந்தது. பெரிய தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் நான் ஐந்து வருடம் முடித்திருக்கிறேனாம். கற்றுக்கொண்டதையும் வளர்ந்த விதத்தையும் பற்றிக் கல்லூரி மலருக்கு நாலு பக்கம் எழுத வேண்டுமாம். "மாணவர்களுக்கு ஊக்கமாக இருக்கும்படி" என்று கடைசியில் சேர்த்திருந்தார்கள்.

மூன்று முறை எழுதி அழித்தேன். மூன்றும் ஊக்கமாகத்தான் இருந்தன. படிக்கும்போது யாரோ எழுதியதைப் போல இருந்தது. கும்மிடிப்பூண்டி ரயிலில் கதவோரம் நின்று, லேப் ரெக்கார்டு கசங்காமல் மார்போடு பிடித்துக்கொண்டு கல்லூரிக்குப் போகிறவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறார்கள். உங்கள் வீட்டிலும் நீங்கள்தான் முதலில் படித்தவர் என்றால், இது உங்களுக்குத்தான்.

டப்ளினில் இருக்கிறேன். கம்பெனியின் பெயரைச் சொன்னால் உங்கள் எல்லோருக்கும் தெரியும், சொல்லப்போவதில்லை. காலையில் டிராம், மதியம் கம்பெனியே போடும் சாப்பாடு, மாலையில் எப்போதும் ஏதோ ஒரு மழை. கழுத்தில் தொங்கும் அட்டையில் என் பெயருக்குப் பின்னால் என் நைனாவின், அதாவது அப்பாவின், பெயர் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எழுத எங்களிடம் வேறு எதுவும் இல்லை. குடியேற்ற அலுவலகத்தில் முதல் முறை "மிஸ்டர் முனுசாமி" என்று கூப்பிட்டபோது நான் எழுந்திருக்கவே இல்லை. நைனாவை யாரும் மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

2

எங்கள் தாத்தா அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். நைனா அந்த வேலையை விட்டுவிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு வந்தார். இரும்புத் தகடுகளை வெட்டி, அழுத்தி, வாகன பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் வேலை. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படி ஏதோ ஒரு ஷெட்தான்.

அந்த ஷெட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. எதற்கெடுத்தாலும் லெட்டர். லேட்டாக வந்தால் லெட்டர், லீவு போட்டால் லெட்டர், மெஷின் நின்றால் லெட்டர், விரல் போனாலும் லெட்டர். யார்மீது தப்பு என்று கம்பெனி விசாரிப்பதில்லை. தப்பு என்னுடையதுதான் என்று ஒருவன் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் உள்ளே விடுவார்கள். கொடுக்காதவன் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

நான் கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்தபோது, நைனாவின் கம்பெனியிலேயே வேலை பார்த்த பக்கத்து வீட்டு ஏழுமலை அண்ணன் கையில் பெரிய கட்டோடு வந்தார். இடது கை ஆள்காட்டி விரலின் நுனி போயிருந்தது.

"தம்பி, ஒரு லெட்டர் எய்திக் குடு. இங்கிலீசு வேணாம், தமிழ்லயே எய்து. ஆனா படிச்சவன் எய்துனா மாதிரி இருக்கணும்."

"எப்படிண்ணா ஆச்சு?"

"அத்த இன்னாத்துக்கு கேக்குற? எய்தப் போறது வேற, நடந்தது வேற" என்று சிரித்தார். பிறகு சொன்னார்.

பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து இரும்பு இறங்கும். அப்போது கை உள்ளே இருக்க வாய்ப்பில்லை. அதற்காகத்தான் அந்த ஏற்பாடே. ஆனால் வேகம் பத்தவில்லை என்று சூப்பர்வைசர் ஒரு பட்டனை அமுக்கி அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார். ஒரு கை பட்டனில், இன்னொரு கை தகடு தள்ள. அந்தத் தள்ளும் கைதான் மாட்டியது.

"அப்போ டேப்பப் பத்தி எழுதலாமேண்ணா."

"எய்திட்டு? உங்கூட காலேஜுக்கு வரட்டா நானு?"

எழுதினேன். 'பணியில் இருந்தபோது எனது கவனக்குறைவால் எனது இடது கை விரலில் காயம் ஏற்பட்டது. இதற்கு நிர்வாகம் எந்த வகையிலும் பொறுப்பல்ல. இனி கவனமாக இருப்பேன். என்னை மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

ஒரு வாரத்தில் அண்ணனை உள்ளே விட்டார்கள். மேனேஜர் லெட்டரைப் படித்துவிட்டு யார் எழுதியது என்று கேட்டாராம். அதற்குப் பிறகு தெருவே என்னிடம் வந்தது. முதல் வரியிலேயே தப்பை ஏற்றுக்கொண்டுவிட வேண்டும், காரணம் சொல்லக் கூடாது, கடைசியில் இனி நடக்காது என்று முடிக்க வேண்டும். கல்லூரியில் அரியர் வைத்தேன். இதில் ஒரு தடவையும் தோற்கவில்லை. நைனா டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கினு இருப்பார்: "எம் புள்ள எய்திட்டான்னா வேலை போவாது."

3

டப்ளினில் எனக்கு வாய்த்த மேலாளர் எய்லின். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். அன்பானவர் என்றுதான் இன்றும் சொல்வேன். வந்த புதிதில் ஒருநாள் கூப்பிட்டு, "மின்னஞ்சலில் 'கைண்ட்லி' என்று போடாதே, மிரட்டுகிற மாதிரி இருக்கிறது" என்றார். அதுதான் எனக்குத் தெரிந்த மிகப் பணிவான சொல். இன்னொரு நாள், "ஒரு மணி நேரக் கூட்டத்தில் நீ ஒன்பது தடவை சாரி சொன்னாய், யாரைக் கொன்றாய்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சாரி சொன்னேன்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருடம் நான் ஒரு பெரிய தவறு செய்தேன்.

எங்கள் குழுவில் ஒரு கருவி உண்டு. அதில் ஒரு பெட்டியில் சில கணினிகளின் பெயர்களை எழுதினால் அவற்றை மட்டும் நிறுத்தி மறுபடி இயக்கும். அன்று பகல் பதினொரு மணிக்கு நான் பெட்டியை நிரப்பாமல் பொத்தானை அழுத்திவிட்டேன். காலியாக விட்டால் எதுவும் நடக்காது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்தக் கருவியோ காலி என்றால் 'எல்லாம்' என்று எடுத்துக்கொண்டது. பாதி ஐரோப்பாவுக்கு எங்கள் சேவை நாற்பது நிமிடம் நின்றது.

இங்கே இப்படி ஏதாவது நடந்தால் ஓர் அறிக்கை எழுத வேண்டும். நடந்தது என்ன, ஏன் நடந்தது, மறுபடி நடக்காமல் இருக்க எதைச் சரிசெய்வது. யார் பெயரையும் போடக் கூடாது, யாரையும் குறை சொல்லக் கூடாது என்பது விதி. சேர்ந்த முதல் வாரமே அதற்கு ஒரு வகுப்பு நடத்தியிருந்தார்கள். வகுப்பில் நன்றாகத் தலையாட்டியிருந்தேன்.

எழுத உட்கார்ந்தபோது கை தானாக எழுதியது. எனது கவனக்குறைவால். பெட்டியை நான் சரிபார்க்கவில்லை. இனி இருமுறை சரிபார்ப்பேன்.

காலிப் பெட்டி விஷயம் எனக்குத் தெரியாமல் இல்லை. அன்று மாலையே கருவியின் நிரலைத் திறந்து பார்த்துக் கண்டுபிடித்துவிட்டேன். அந்த இடத்தை எழுதியவர் பெயரும் அங்கேயே இருந்தது. எய்லின். பல வருடத்துக்கு முன்னால் அவரே எழுதியது. என்னுடைய வேலை அனுமதியை நீட்டிக்கக் கம்பெனி தரவேண்டிய கடிதம் அந்த வாரம் அவர் கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அந்தக் கடிதம் இல்லையென்றால் குடியேற்ற அலுவலகத்தில் தங்கும் உரிமை அட்டை இல்லை. அட்டை இல்லையென்றால் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

எய்லின் அறிக்கையைப் படித்தார். 'நான்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'பொறியாளர்' என்று மாற்றினார். மற்றதை அப்படியே விட்டார். அடுத்த பதவி உயர்வுக்கு என்னைப் பரிந்துரைத்தபோது அதில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'தவறு நடந்தபோது யார்மீதும் பழி போடாமல் முழுப் பொறுப்பையும் தானே ஏற்றுக்கொண்டார்.' பதவி உயர்வு கிடைத்தது. ஊருக்கு போன் செய்து சொன்னேன். தெருவில் லட்டு கொடுத்தார்கள்.

4

நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுத வேண்டும்.

ஏழுமலை அண்ணனை வேலைக்கு எடுத்துக்கொண்டவர்கள் அதே மெஷினில் நிறுத்தவில்லை. மூட்டை தூக்க அனுப்பினார்கள். அந்த பிரஸ்ஸுக்கு நைனாவை மாற்றினார்கள். டேப் அப்படியே இருந்தது. நைனாவுக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். நான் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நைனாவின் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மா அழுதுகொண்டிருந்தது. நைனா மயக்கம் தெளிந்ததும் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "நோட்டு எடுத்துனு வந்தியா?"

"எதுக்கு நைனா?"

"லெட்டரு குடுக்கணும்டா. இன்னிக்கே போய்ட்டா நல்லது."

"இந்தத் தடவை டேப்பப் பத்தி எழுதுறேன். பேக்டரி இன்ஸ்பெக்டருக்கு எழுதலாம். இதுக்குன்னு கவர்மெண்ட்ல ஆபீஸே இருக்குது."

"நீ எய்துவ. ஏன் எய்த மாட்ட? அப்புறம் கேட்டாண்ட நிக்கறது நானு. இன்னும் ஆறு மாசம்டா உனக்கு. பேஜாரு பண்ணாத, எய்து."

அம்மாவைப் பார்த்தேன். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சொல்றத எய்தேன்டா" என்றது.

ஏழுமலை அண்ணனுக்கு எழுதியதில் இரண்டு சொற்கள்தான் மாறின. 'இடது' என்பதை 'வலது' என்று மாற்றினேன், 'விரலில்' என்பதை 'விரல்களில்' என்று. நைனாவால் பேனா பிடிக்க முடியாது; இடது கைக் கட்டைவிரலை நான்தான் மையில் அழுத்தி ஒற்றினேன். கம்பெனி அவரை வெளியே அனுப்பவில்லை. அதே கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டது. இன்றும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். நான் படித்து முடித்தேன்.

5

இந்த வருட ஆரம்பத்தில் எங்கள் குழுவில் மார்த்தா சேர்ந்தாள். போலந்துக்காரி. ஏழு வயதுப் பெண்ணோடு தனியாக டப்ளினுக்கு வந்தவள். பக்கத்து நாற்காலி. வாயாடி. காபி மெஷின் நிரம்பி வழிந்ததற்கு நான் ஒருநாள் சாரி சொன்னதைப் பார்த்துவிட்டாள். அதிலிருந்து தினமும் காலையில், "மெஷின் மன்னித்துவிட்டதா?" என்று கேட்பாள். அவள் வந்த பிறகுதான் மதியம் நான் யாரோடாவது சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். கருவிகளையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அந்தப் பெட்டியைக் காட்டி, "இதை மட்டும் இரண்டு தடவை சரிபார்த்துக்கொள்" என்று சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை.

நான்காம் மாதம் அவள் பெட்டியைக் காலியாக விட்டு அழுத்திவிட்டாள். இந்த முறை இரண்டு மணி நேரம் நின்றது.

விசாரணைக் கூட்டத்தில் ஒருவர், "இது முன்பு நடந்திருக்கிறதா?" என்று கேட்டார். என் பழைய அறிக்கையை எடுத்துத் திரையில் போட்டார்கள். காரணம்: பொறியாளர் சரிபார்க்கவில்லை. தீர்வு: இனி இருமுறை சரிபார்க்கப்படும்.

"அப்படியானால் கருவியில் பிரச்சினை இல்லை. சரிபார்க்க வேண்டும் என்று தெரிந்தும் சரிபார்க்கவில்லை" என்றார் அவர். கோபமில்லாத குரல். யார் பெயரையும் சொல்லவில்லை. விதிப்படி நடந்த கூட்டம்.

எய்லின் ஏதும் பேசவில்லை. தான் எழுதியது இன்னும் அப்படியே ஓடுகிறது என்பதே அவருக்கு நினைவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. நான் பேசியிருக்கலாம். கை மேஜைக்கு அடியில் இருந்தது, தூக்கவில்லை. மார்த்தா என்னைப் பார்க்கவும் இல்லை. அவளுக்கு என்மேல் என்ன சந்தேகம் இருக்கப்போகிறது? குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடியவில்லை. அவளை வேலையில் வைத்துக்கொள்வதா என்ற முடிவு இரண்டு வாரத்தில் வரும் என்றார்கள். அதற்குள் என் பழைய அறிக்கை திருத்தப்பட்டால் அவள் தப்பலாம். கருவியின் குறையைத் தெரிந்தவன் கம்பெனி முழுக்க நான் ஒருவன்தான்.

6

எட்டு நாள் எதுவும் செய்யவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. ஒவ்வொரு நாளும் அவளோடு சாப்பிட்டேன்.

ஒன்பதாம் நாள் மதியம் ஊருக்கு போன் செய்தேன். அங்கே மாலை. நைனா ஷிப்ட் முடிந்து வந்திருந்தார்.

"இன்னாடா இந்நேரத்துல? வேலை இல்லியா?"

நடந்ததைச் சொன்னேன். கணினிக் கதை அவருக்குப் புரியாது என்று பயந்தேன். ஒரே கேள்வியில் புரிந்துகொண்டார்.

"நம்ம டேப்பு மாதிரியா?"

"ஆமா நைனா."

"அப்போ அந்தப் பொண்ணுக்கு முன்னால நீ லெட்டரு குடுத்துக்கிற."

அவரே தொடர்ந்தார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லல நானு. எனக்கு அப்புறம் அந்த மெஷினுல பீகார் பையன் ஒருத்தன் நின்னான். அவனுக்கும் போச்சு. அவனுக்குத் தமிழே வராது, இன்னா எய்துவான்? ஆபீஸ்ல ஒரு பேப்பர நீட்டி கைநாட்டு வாங்கிக்கினாங்க. கேட்டாண்ட எடுத்துனு வந்து, 'சாச்சா, இதுல இன்னா எய்திக்கிது'ன்னு கேட்டான். நான் இன்னாத்த படிக்கிறது? ஏழுமலைதான் பாத்துட்டு சொன்னான், இது சத்தீசு எய்துனதுன்னு."

"நான் எழுதுனதா?"

"நீ எனக்கு எய்தினதத்தான் டைப் அடிச்சி ஜெராக்ஸ் போட்டு வச்சிக்கிறாங்களாம். பேரும் தேதியும் மட்டும் காலி. எது போச்சோ அந்த எடமும் காலி."

பின்னால் அம்மா யாரிடமோ ஏதோ கேட்டுக்கொண்டிருந்த சத்தம்.

"திட்றியா நைனா?"

"உன்ன இன்னாத்துக்குத் திட்றேன்? எய்தச் சொன்னது நானு. எனக்கு வேற வழி இல்ல. உனக்கு இக்குதா?" என்று கேட்டார்.

போனை வைத்துவிட்டு இடத்துக்குப் போனேன். பழைய அறிக்கையைத் திறந்தேன். கருவி காலிப் பெட்டியை 'எல்லாம்' என்று எடுத்துக்கொள்கிறது, இது அன்றே எனக்குத் தெரியும், தெரிந்தே எழுதாமல் விட்டேன் என்று 'பொறியாளர்' என்று போடாமல் 'நான்' என்று போட்டு எழுதினேன். கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் அனுப்பினேன்.

எய்லின் கால் மணி நேரத்தில் வந்தார்.

"இதை ஏன் அப்போதே சொல்லவில்லை?"

"அது நீங்கள் எழுதியது."

"அதனால் என்ன?"

"என் அனுமதிக் கடிதம் உங்கள் மேஜையில் இருந்தது."

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. இரண்டையும் எப்படிச் சேர்த்தேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கேட்டுவிட்டு அவரே உட்கார்ந்து அந்த இடத்தைத் திருத்தினார். பதினொரு வரி. காலியாக விட்டால் இப்போது கருவி நகராது. நைனாவின் ஷெட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, யாராலும் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லியிருந்தால் அன்று மாலையே சரியாகியிருக்கும். நான் கும்மிடிப்பூண்டியிலேயே உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

மார்த்தாவின் விஷயத்தைக் கேட்டேன். "முடிவு நேற்றே மேலே போய்விட்டது. நான் பேசிப் பார்க்கிறேன்" என்றார். பேசினார் என்றுதான் நம்புகிறேன். மார்த்தாவை நீக்க இந்தச் சம்பவம் மட்டும் காரணமல்ல என்று பதில் வந்ததாம். வேறு காரணம் எதையும் யாரும் சொல்லவில்லை.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பதவி இருக்கிறது, அட்டை இருக்கிறது. எழுதியதைப் பாராட்டி இரண்டு பேர் மின்னஞ்சல்கூட அனுப்பினார்கள்; நேர்மையாம்.

7

மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்க மார்த்தா வந்த அன்று, கீழ்த்தளத்துக் காபிக் கடையில் அவளோடு உட்கார்ந்தேன். என் திருத்தம் போன அன்று அவள் விடுப்பில் இருந்தாள். திரும்பி வருவதற்குள் அவள் கணக்கை மூடியிருந்தார்கள்; அதை அவள் படிக்கவே இல்லை. முழுவதையும் நானே சொன்னேன். நைனாவைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் இரக்கப்படுவாள் என்று தெரியும். அந்த இரக்கத்தை வாங்கிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் குறுக்கே பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"எப்போதிலிருந்து தெரியும்?"

"நான் அழுத்திய அன்றிலிருந்து."

"எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது?"

"தெரியும்."

கோப்பையை நகர்த்தி வைத்தாள். நான் சாரி என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அறிக்கையில் எழுத உனக்குப் பயம். அது புரிகிறது" என்றாள். "நாம் தினமும் சேர்ந்து சாப்பிட்டோம். சாப்பிடும்போது எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாமே."

பெண்ணைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள்.

கல்லூரி மலருக்கு இதைத்தான் அனுப்புகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.